கமாண்டுக்குச் சுருக்கம் வைக்கிறீங்களா? முதல்ல ஷெல்லைப் பாருங்க

சரவணம்பட்டியில வேலை பார்க்கிற நம்ம பசங்க சிலர், கிட்டுக்கு (கோடுல செய்யற மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற டூல்) மேல சொந்தமா ஒரு டூல் எழுதறாங்க. சுருக்கக் குறி எப்படி வைக்கிறதுன்னு கேட்டாங்க. அவங்களுக்குத்தானுங்க இது.

எந்தக் குறி எடுத்தாலும், அது ஷெல்லுக்கு, அதாவது நாம அடிக்கிற கமாண்டை முதல்ல படிக்கிற புரோகிராமுக்கு, என்ன அர்த்தம்னு பார்த்துக்குங்க. விண்டோஸோட ஷெல்லான கமாண்ட் பிராம்ப்ட்ல, இப்ப இருக்கிற கமிட்டுக்கு (பதிஞ்சு வச்ச மாற்றம்) முந்தினதைப் பார்க்க 'கிட் ஷோ ஹெட்^' அடிச்சா அந்த ^ கிட்டுக்குப் போய்ச் சேராது. பிராம்ப்டே அதை முழுங்கிட்டு 'மோர்?'னு கேட்டு நிக்கும். 'ஹெட்~' அடிங்க, அதே முந்தைய கமிட் சிக்கலில்லாம வரும். பேஷ்ங்கிற இன்னொரு ஷெல்ல வார்த்தை # குறியில ஆரம்பிச்சா, அங்கிருந்து அந்த வரியில எல்லாமே கமெண்ட்தான், ஷெல் கண்டுக்காது.

கைக்கு ஏற்கனவே பழகினதை எடுத்துக்கிறது இன்னும் நல்லதுங்க. 'சிடி -' பழைய ஃபோல்டருக்குத் திரும்புற மாதிரியே 'கிட் செக்அவுட் -' முந்தைய பிராஞ்சுக்கு (தனியா பிரிச்சு வச்ச வேலைக் கிளை) கூட்டிட்டுப் போகும். அருமையான யோசனை அது, யாரும் தனியா சொல்லித்தர வேண்டியதில்லை.

கிட் மாதிரியே இன்னொரு டூலான மெர்க்கூரியல்ல, வேற கமாண்டோட குழம்பாத வரைக்கும் முதல் சில எழுத்தே போதும். வசதிதான். ஆனா அதே எழுத்துல நாளைக்குப் புதுசா ஒண்ணு வந்தா பழைய ஸ்கிரிப்ட் நின்னுடும். ஸ்கிரிப்ட்ல முழுப்பெயரே எழுதுங்க.

ஸ்டேட்டஸ், டிஃப் மாதிரி மாற்றத்தைக் காட்ட மட்டும் செய்யற கமாண்டுக்கு ரெண்டெழுத்து வைங்க. 'ரீசெட் --ஹார்ட்' மாதிரி, கமிட் பண்ணாத வேலையை அழிக்கிறதுக்குச் சுருக்கமே வேண்டாங்க.