உருளைகளுக்கு நடுவே கொந்தளிப்பு: வீட்டு மேஜையில் பார்ப்பது எப்படி?

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், நடுவே திரவம். 1890-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் மாரிஸ் கூயெட் வெளி உருளையைச் சுழற்றித் திரவங்களின் பாகுநிலையை, அதாவது ஓட்டத்தை எதிர்க்கும் தன்மையை, அளந்தார். உள் உருளை சுழன்றால் கதை வேறு: ஒரு வேகத்துக்கு மேல் திரவம் வளைய வளையமான சுழல்களாகப் பிரியும், இன்னும் கூட்டினால் அவை அலைபோல் நெளியும், கடைசியில் ஓட்டம் தாறுமாறாகிக் கொந்தளிக்கும். வளையங்கள் எப்போது தோன்றும் என்பதைக் கணக்கோடு சொன்னவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர், 1923-இல்.

முதலில் அமைப்பு. உள்விட்டம் 50 மி.மீ. உள்ள அக்ரிலிக் குழாய், அதற்குள் 40 மி.மீ. உருளை, இடைவெளி 5 மி.மீ. உயரம் 15 செ.மீ. போதும். உள் உருளைக்குக் கறுப்பு பெயின்ட் அடியுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்று வரை போகும் கியர் மோட்டாரும் (இனி வரும் சுற்றுக் கணக்கெல்லாம் நிமிடத்துக்குத்தான்) வேகம் கூட்டிக் குறைக்கும் ஒரு சர்க்யூட்டும் வேண்டும். அச்சு நடுவில் இருப்பதுதான் உயிர்நாடி. என் முதல் அமைப்பில் வளையங்கள் நெளிவதைப் பார்த்து, அலை வந்துவிட்டதென்று துள்ளிக் குதித்தேன். கடைசியில் பார்த்தால் அச்சு ஆட்டம்! எந்த வேகத்திலும் சுற்றுக்கு ஒருமுறை நெளிந்தால் சந்தேகமே வேண்டாம், கோளாறு அச்சில்தான்.

அடுத்து திரவம். வெறும் தண்ணீரில் 10 சுற்றுக்குள்ளேயே வளையங்கள் வந்துவிடும். அவ்வளவு மெதுவாக மோட்டார் சீராக ஓடாது. அதனால் கிளிசரினும் தண்ணீரும் சம எடையில், மொத்தம் 100 மில்லி சொச்சம். ஓட்டம் கண்ணுக்குத் தெரிய, ரெசின் வேலைக்கு விற்கும் மைக்கா பொடி ஒரு சிட்டிகை. கூடினால் பால் மாதிரி ஆகி ஒன்றும் தெரியாது. குமிழி அடங்கும்வரை பொறுங்கள்.

இனி வேகம். 10 சுற்றில் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஓரிரு நிமிடம் காத்திருங்கள். 35–45 சுற்றுக்குள் (வெயில் நாளில் கொஞ்சம் முன்னதாகவே) வளையல்களை அடுக்கியதுபோல் பட்டைகள் தோன்றும். வளைவில் திரும்பும் பஸ்ஸில் நாம் வெளிப்பக்கம் சாய்கிறோமே, அதேபோல் உள்சுவரை ஒட்டி வேகமாகப் போகும் திரவம் வெளியே தள்ளப்படுகிறது. பாகுநிலை அதைப் பிடித்துவைக்கும். ஒரு வேகத்துக்கு மேல் முடியாது. எல்லாத் திரவமும் ஒரே நேரத்தில் வெளியே போக முடியாதே! ஓரிடத்தில் வெளியேறி அடுத்த இடத்தில் திரும்புகிறது; அதுதான் சுழல். ஒவ்வொரு சுழலின் உயரமும் ஏறக்குறைய இடைவெளியின் அளவு, அதாவது 5 மி.மீ. எண்ணிப் பாருங்கள், 30-ஐ ஒட்டி வரும்.

சட்டென்று வேகத்தைக் கூட்டினால் இந்த எண்ணிக்கையே மாறலாம். 1965-இல் அமெரிக்க ஆய்வாளர் டொனால்ட் கோல்ஸ் ஒரே வேகத்தில் 20, 25 வெவ்வேறு நிலைகளைக் கண்டார். எது வரும் என்பதை வேகம் கூடிய விதம் தீர்மானித்தது. நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் கூட்டினால் வளையங்கள் அலைபோல் நெளியும். அந்த அலை உள் உருளையைவிட மெதுவாகத்தான் சுற்றிவரும்.

கொந்தளிப்புக்குக் கிளிசரின் கலவையைக் கொட்டிவிட்டு, தண்ணீரில் மைக்கா மட்டும் கலந்து ஊற்றி, 300 சுற்றுக்கு விடுங்கள். மைக்கா தாறுமாறாகப் பளபளக்கும். மொபைலில் ஸ்லோமோஷனில் எடுத்து, இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். அந்தக் கலவரத்துக்குள்ளும் பட்டைகள் அடுக்கு குலையாமல் நிற்கும்.