விளக்குள்ள ஃபுட்ஸ்விட்ச்சை ஆம்ப்புக்குப் பொருத்தும் முன்

கிட்டார் ஆம்ப்பின் சேனலை, அதாவது ஒலி அமைப்பை, காலால் மிதித்து மாற்ற, கடையில் கிடைக்கும் பொது ஃபுட்ஸ்விட்ச்சே பெரும்பாலும் போதும். வாங்கும் முன் ஒரு சோதனை. ஆம்ப்பின் ஃபுட்ஸ்விட்ச் ஜாக்கில் சாதாரண கிட்டார் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியையும் உடலையும் ஒரு கம்பியால் இணையுங்கள். தொட்டிருக்கும்வரை மட்டும் சேனல் மாறியிருந்தால், மிதித்த நிலையிலேயே நிற்கும் லாட்ச்சிங் ஸ்விட்ச் வேண்டும். ஒருமுறை தொட்டு எடுத்தாலே மாறினால், மிதிக்கும்போது மட்டும் இணையும் மொமென்டரி. ஸ்பீக்கர் ஜாக்கில் மட்டும் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள், ஆம்ப்பே போய்விடலாம்.

சரி, விளக்கு? பலர் தடுக்கி விழுவது இங்கேதான். சில ஆம்ப்கள் அதே கம்பி வழியாக எல்இடிக்கும் மின்சாரம் தரும். தராத ஆம்ப்பில் எல்இடியை ஸ்விட்ச்சோடு தொடரில் போட்டால், அது கிட்டத்தட்ட 2 வோல்ட்டை விழுங்கிவிடும். ஸ்விட்ச் மூடியதே ஆம்ப்புக்குத் தெரியாமல் போகலாம்.

என் விருப்பம், ஒரே மிதியில் இரண்டு தனிச் சுற்றுகளை மாற்றும் ஆறு கால் லாட்ச்சிங் ஸ்விட்ச். ஒரு பக்க மூன்று கால் ஆம்ப்புக்கு; மறுபக்கம் 9 வோல்ட் பேட்டரி, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், எல்இடி. இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. வெளிச்சம் இருட்டு மேடைக்குத் தாராளம். மொமென்டரி கேட்கும் ஆம்ப்புக்கு இந்த வழி ஒத்துவராது.