பங்குச் சாமியாராக ஆசைப்படும் தம்பிகளுக்கு

பிளஸ் டூ முடித்த பையன்கள் கத்தோலிக்கச் சாமியாராகப் போகிறேன் என்று வந்தால், கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரான நான் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சாமியார்? இயேசு சபை, சலேசிய சபை போன்ற துறவற சபையில் சேர்ந்தால் ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என மூன்று வார்த்தைப்பாடுகள், அதாவது கடவுளுக்குத் தரும் வாக்குகள். ஆயரின் (பிஷப்) கீழ் பங்குக் கோயில்களில் பணிசெய்யும் மறைமாவட்டக் குருவுக்கு ஏழ்மை வார்த்தைப்பாடு கிடையாது. அவர் மணமுடிக்காமல், தம் ஆயருக்குக் கீழ்ப்படிந்து வாழ்பவர். ஞாயிறு திருப்பலி, நள்ளிரவில் நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல், கல்லறை இடத் தகராறு எல்லாம் அவர் தலையில்தான். அதுதான் வேண்டும் என்றால், முதலில் உங்கள் கோயில் சாமியாரான பங்குத்தந்தையிடம் பேசுங்கள். அவருடைய கடிதம் இல்லாமல் ஒன்றும் நகராது.

பிறகு சான்றிதழ்கள்: திருமுழுக்கு (ஞானஸ்நானம்), உறுதிபூசுதல், பெற்றோரின் கோயில் திருமணம். பதிவேட்டில் 'அந்தோணி', பள்ளிச் சான்றிதழில் 'ஆண்டனி' என்று இருக்கும்; பாதிப் பேருக்கு இந்தத் தொல்லைதான். இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். பின்னாளில் உங்கள் குருப்பட்டத்தையும் அதே திருமுழுக்குப் பதிவேட்டில்தான் குறிப்பார்கள்.

படிப்பு நீளமானது. குருவாகப் பயில்பவர்களின் முதல்படியான இளங்குருமடத்தில் தொடங்கும், டிகிரி முடிக்கச் சொல்லும் மறைமாவட்டங்களும் உண்டு. திருச்சபைச் சட்டப்படி மெய்யியல் (தத்துவம்) முழுதாக 2 ஆண்டுகள், இறையியல் 4 ஆண்டுகள். திருச்சி புனித பவுல் குருமடம், பூவிருந்தவல்லி திரு இருதயக் குருமடம் என ஆயர் அனுப்பும் இடத்தில் படிப்பீர்கள். படிப்பு வராதோ என்று பயப்படாதீர்கள். லத்தீனில் தட்டுத்தடுமாறி 1815இல் குருவான ஜான் மரிய வியான்னிதான் பங்குத்தந்தையரின் பாதுகாவலர்!

இடையில் திரும்பி வந்தால் ஊர் வாய் சும்மா இருக்காது. பேசட்டும். அம்மாவின் கண்ணீருக்குப் பயந்து உள்ளேயே இருந்துவிடுபவரால் அவருக்கும் நிம்மதியில்லை, பங்குக்கும் நிம்மதியில்லை. குருமட அதிபரிடம் மனதில் உள்ளதை ஒளிக்காதீர்கள். இத்தனை ஆண்டுகள் வைத்திருப்பதே நீங்களும் அவர்களும் யோசிப்பதற்குத்தான்.

மணமாகாமல் வாழ்வதாக வாக்குக் கொடுப்பது, குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்தின்போதே. அதற்கு 23 வயது நிறைந்திருக்க வேண்டும், குருப்பட்டத்துக்கு 25. இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மாதம். கல்யாணத்துக்குப் போலவே உங்களுக்கும் சொந்தப் பங்கில் ஓலை வாசிப்போம், அதாவது கோயிலில் எல்லாருக்கும் அறிவிப்போம். தடை தெரிந்தவர்கள் சொல்லியாக வேண்டும். பட்டம் வாங்கியதும் பெரும்பாலும் உதவிப் பங்குத்தந்தை வேலைதான். எந்த ஊர் என்பதை ஆயர் சொல்வார். சொந்த ஊருக்குப் பக்கத்தில் கேட்டு ஆள் பிடிக்காதீர்கள்.