பவுடர் பனியில் ஸ்னோமொபைல் என்ஜின் கொதிக்கிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளியே மைனஸ் 15 டிகிரி, சுற்றிலும் இடுப்பளவுக்கு இறுகாத பவுடர் பனி. இதில் என்ஜின் எப்படிச் சூடாகும் என்ற நம்பிக்கையோடுதான் புதியவர்கள் ஸ்னோமொபைலில் (முன்னே ஸ்கி எனும் சறுக்குப் பலகைகளும், பின்னே டிராக் எனும் சுழலும் ரப்பர் பட்டையும் கொண்ட பனிவண்டி) மலையேறுகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ரெவெல்ஸ்டோக் மாதிரியான மலை ஊர்களில், வெப்பநிலை விளக்கு எரிய, பாதி வழியில் ஆவி பறக்க நிற்கும் வண்டிகளை ஒவ்வொரு குளிர்காலத்திலும் பார்க்கலாம். ஆயில் ஊற்ற மறப்பது, பெட்ரோல் தீர்ந்துபோவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு முறை பட்டாலே புத்தியில் ஏறிவிடும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். லிக்விட் கூலிங் உள்ள மலை ஸ்னோமொபைல்களில் காரில் இருப்பதுபோன்ற ரேடியேட்டர் பெரும்பாலும் இருக்காது. டிராக்குக்கு மேலே கூரைபோல் இருக்கும் டனலில் அலுமினியக் கூலர்கள் பொருத்தியிருப்பார்கள். டிராக் வாரியடிக்கும் பனி அவற்றில் பட்டு உருகும்போதுதான் என்ஜின் சூட்டைச் சுமந்து வரும் கூலன்ட் திரவம் ஆறுகிறது. ஒரு கிராம் பனி உருக ஏறத்தாழ 334 ஜூல் வெப்பம் வேண்டும். என்ஜினை ஆற்றுவது குளிர்காற்று அல்ல, கூலரில் வந்து விழும் புதுப் பனி. அந்தப் பனி வராத நிமிடத்திலிருந்து சூடு ஏறத் தொடங்கும்.

ஸ்கிராச்சரை மடித்து வைத்தபடியே ஏறுவது

பவுடர் இருக்கும் மேட்டுக்குப் போக, இயந்திரத்தால் இறுக்கிச் சமன்செய்த பாதையில் பல கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அந்தப் பாதை கல்போல இருக்கும். டிராக்குக்கு வாரியடிக்கப் பனி கிடைக்காது. ஸ்கிராச்சர்களை, அதாவது டிராக்கின் பக்கத்தில் மடித்து வைத்திருக்கும் கம்பிகளை, இறக்கிவிட்டால் அவை தரையைக் கீறிப் பனித்தூளைக் கிளப்பும். அது கூலரை ஆற்றும். டிராக்கைத் தாங்கும் நீளச் சட்டங்களின் அடியில் உள்ள பிளாஸ்டிக் ஸ்லைடுகள் உருகாமலும் காக்கும். ரிவர்ஸ் எடுக்கும் முன் மறக்காமல் தூக்கிவிடுங்கள். பல வகை ஸ்கிராச்சர்கள் பின்னோக்கிப் போனால் வளைந்து ஒடிந்துவிடும்.

சிக்கிய வண்டியில் த்ராட்டிலை அழுத்திப் பிடிப்பது

எத்தனை முறை சொன்னாலும் தொடரும் தவறு இது. அதிகம் செலவு வைப்பதும் இதுதான். வண்டி புதைந்து நின்றதும் கட்டைவிரல் தானாகவே த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) முழுதாக அழுத்துகிறது. சேற்றில் சிக்கிய லாரியின் சக்கரம் சுற்றச் சுற்ற இறங்குவதுபோல, டிராக் தனக்குக் கீழே தானே குழி தோண்டிக்கொள்கிறது. சில நொடிகளில் அங்கே இளம்பனி தீர்ந்துவிடும்; கூலருக்குப் புதுப் பனி போகாது. டனலில் அப்பியிருந்த பனி உருகி மீண்டும் உறைந்து, கூலருக்குப் போர்வைபோல ஆகிவிடும். பக்கப் பலகைகளின் காற்றுத் துளைகளையும் பனி மூடிக்கொள்ளும். வண்டி ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. என்ஜினோ முழுப் பாரத்தில் உறுமிக்கொண்டிருக்கும்.

என்ஜினுக்கு முன்னே பலியாவது, அதன் சக்தியை டிராக்குக்குக் கடத்தும் டிரைவ் பெல்ட். டிராக் சுற்றத் திணறும்போது கிளட்ச் தட்டுகளுக்கு இடையே பெல்ட் வழுக்கித் தேய்ந்து சூடேறும். ரப்பர் கருகும் வாடை வந்தபிறகும் அழுத்தினால் பெல்ட் அறுந்துவிடும். புதுப் பெல்ட் ஒன்று 100 டாலருக்கு மேல் ஆகும், அதோடு போனால் பரவாயில்லை. அறுந்த பெல்ட்டின் நூல்கள் கிளட்சின் பின்னே சுற்றிக்கொண்டு, கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் சீலைக் கிழித்தால், அங்கே வெளிக்காற்று புகுந்து எரிபொருள் கலவை மெலிந்து, டூ-ஸ்ட்ரோக் பிஸ்டனே உருகிவிடலாம். சில நொடிப் பிடிவாதத்துக்கு என்ஜினைக் கழற்றிப் பிரிக்கும் செலவு.

சரியான முறை மெதுவானது. த்ராட்டில் கொடுத்து 2 நொடிக்குள் வண்டி முன்னே நகரவில்லை என்றால் விடுங்கள், என்ஜினை அணையுங்கள். ஸ்கிகளுக்கு முன்னாலும் கால்பலகைகளுக்கு அடியிலும் உள்ள பனியை மண்வாரியால் எடுங்கள். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து டிராக்கின் குழியில் பனியைத் தள்ளி நிரப்புங்கள். முன்னே 2, 3 மீட்டர் தூரத்துக்குக் காலால் மிதித்துப் பாதை போட்டு, சில நிமிடம் விடுங்கள். மிதித்த பனி தானே இறுகும். பெல்ட்டும் அதற்குள் ஆறும். பிறகு ஒருவர் ஸ்கியைப் பிடித்து இழுக்க, த்ராட்டிலை மெல்லக் கொடுங்கள். வண்டி நகர்ந்ததும் நிறுத்தாதீர்கள், சரிவில் கீழ்நோக்கித் திருப்பி ஓட்டிச் செல்லுங்கள்.

செங்குத்துச் சரிவில் ஒருவர் சிக்கினால், உதவுகிறேன் என்று இன்னொரு வண்டி அவர் அருகே ஏறக் கூடாது. இரண்டு வண்டிகளின் பாரத்தில் பனிச்சரிவு கிளம்பினால் இருவருமே அதன் அடியில்.

விளக்கு எரிந்தும் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஓட்டுவது

பாதையோரம் இளம்பனி இருந்தால் உடனே அதில் இறங்கி நிதானமாக ஓட்டுங்கள். வெப்பநிலை இறங்கத் தொடங்கும். இறங்கவில்லையா, என்ஜினை அணைத்து, டனலின் மேலும் உள்ளேயும் பனியை அள்ளிப் போட்டுக் காத்திருங்கள்.

சூட்டோடு கூலன்ட் மூடியைத் திறப்பது

முகம் வெந்துவிடும்.

கூலன்ட்டில் கைவைப்பது

"குளிருக்கு நல்லது" என்று வெறும் எத்திலீன் கிளைகாலை ஊற்றுகிறார்கள். உண்மை தலைகீழ்: பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது மைனஸ் 37 டிகிரி அளவுக்கு உறையாமல் தாங்கும், கலக்காத கிளைகால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறையும், வெப்பத்தையும் குறைவாகவே சுமக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரையே கலக்க வேண்டும். நிரப்பியபின், கையேட்டில் சொன்னபடி வண்டியின் ஒரு முனையை உயர்த்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். காற்றுக்குமிழ் தங்கினால் தொட்டி நிறைந்திருந்தும் என்ஜின் கொதிக்கும். அளவு அடிக்கடி குறைந்தால், கல் பட்டுக் கூலரில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று டனலுக்குள் பாருங்கள்.

முதல் நாள் ஐஸோடு கிளம்புவது

இரவில் டனலில் உறைந்த ஐஸைத் தட்டி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். டிராக் ஒட்டியிருந்தால் வண்டியின் பின்பகுதியைத் தூக்கி உலுக்கி விடுவியுங்கள், த்ராட்டிலால் அல்ல. கூர்மையான கம்பியால் கூலரைக் குத்தவும் கூடாது, மரக்கட்டை போதும்.

கார்புரேட்டர் வண்டியில் ஜெட்டை மாற்றாமல் இறங்குவது

உயரமான மலைக்காகப் போட்ட சிறிய மெயின் ஜெட்டோடு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள சிறு திருகு) பள்ளத்தாக்கில் வேகமாக ஓட்டினால், அடர்ந்த காற்றுக்குப் பெட்ரோல் போதாமல் கலவை மெலியும், பிஸ்டன் கருகும். கூலன்ட் விளக்கு இதை முன்கூட்டிச் சொல்லாது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை வெளுத்திருந்தால் பெரிய ஜெட்டை மாட்டிய பிறகே தொடர்ந்து ஓட்டுங்கள்.