ஜெர்மனியில் கம்பெனி பதிந்ததும் வரும் பில்கள்

ஜெர்மனியில் ஜிஎம்பிஹெச் (நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரியான கம்பெனி) தொடங்க நினைப்பவர்கள் முதலில் வங்கிக்கு ஓட வேண்டாம். நோட்டரி முன் கையெழுத்தான கம்பெனி தொடக்கப் பத்திரம் கையில் இருந்தால்தான் கம்பெனி பெயரில் கணக்கு திறப்பார்கள். மூலதனம் குறைந்தது 25,000 யூரோ. பணமாகப் போடுவதானால், பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது பாதி, அதாவது 12,500 கட்டியிருந்தால் போதும்.

நோட்டரி அந்தப் பத்திரத்தை முழுக்கச் சத்தமாக வாசிப்பார். சட்டமே அப்படி. ஜெர்மன் தெரியாதென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும். ஆங்கிலத்திலேயே முடித்துத் தரும் நோட்டரிகளும் உண்டு.

சரி, பலர் ஏமாறும் இடம் இதற்கு அப்புறம்தான் வருகிறது. ஹேண்டல்ஸ்ரெஜிஸ்டர் என்ற வணிகப் பதிவேட்டில் பெயர் ஏறிய சில நாட்களில் தபால் பெட்டி நிறையும். பதிவேடு எல்லோரும் பார்க்கக்கூடியது, உங்கள் முகவரியும் அதில் இருக்கும். கழுகுச் சின்னம் மாதிரி ஏதோ ஒன்று, உங்கள் பதிவு எண், நூற்றுக்கணக்கில் ஒரு தொகை, நிரப்பித் தயாராக இருக்கும் பணம் கட்டும் சீட்டு என்று பார்ப்பதற்கு அசல் அரசாங்க பில் போலவே இருக்கும். பொடி எழுத்தில் தேடுங்கள்: ‘ஆங்கேபோட்’ என்றிருக்கும். அதாவது, ஏதோ ஒரு தனியார் பட்டியலில் உங்களைச் சேர்க்க அவர்கள் தரும் ‘சலுகை’! கையெழுத்தோ பணமோ போனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

உண்மையான பதிவுக் கட்டண பில்லும் அதே வாரத்தில் வரலாம். அதனால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு போட்டோ எடுத்து நோட்டரி அலுவலகத்துக்கு அனுப்பிக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.