உணவு ஒவ்வாமை உள்ளவர்கள் சத்து மாத்திரை வாங்குவது எப்படி?

என் அம்மாவுக்கு றால் ஆகாது, நண்டும் ஆகாது. குளச்சல் பக்கம் பிறந்துவிட்டு இப்படி ஒரு உடம்பு. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட குழம்பை மோந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொள்வார். அவ்வளவு கவனமான மனுஷி, மூட்டு வலிக்கென்று மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்கினார். "ஒண்ணும் செய்யாதும்மா, சத்து மாத்திரைதான" என்றாராம் கடைக்காரத் தம்பி. மூன்றாம் நாள் உதடு தடித்து, கழுத்தெல்லாம் அரிப்பு.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். குளுக்கோசமைன். பெரும்பாலும் றால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கிற பொருள். கூடவே புதிதாக ஆரம்பித்திருந்த கால்சியம் மாத்திரையில் "சிப்பி ஓட்டிலிருந்து" என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியதால் எது வேலையைக் காட்டியது என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட வழிமுறைதான் இது.

முதலில்: அந்த மாத்திரை தேவையா?

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, பி12, இரும்பு எதுவாவது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையில்லை என்றால் வாங்க வேண்டாம், வேலை முடிந்தது. குறைவு என்றால் டாக்டரிடம் உங்கள் ஒவ்வாமையைச் சொல்லி, மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். "பால் ஆகாது" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, பால் புரதத்தால் உடம்பு தடிப்பது வேறு. முதலாவது, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரியாமை. மாத்திரையில் நிரப்பியாக, அதாவது அளவைக் கூட்ட, சேர்க்கும் கொஞ்சம் லாக்டோஸ் அவர்களில் பலருக்குப் பெரிய தொந்தரவு தராது. இரண்டாவது ஆட்களுக்கு அந்த லாக்டோஸில் ஒட்டியிருக்கும் துளிப் பால் புரதமே சிக்கலாகலாம்.

அடுத்தது: வைட்டமினோடு வந்த கூட்டத்தைப் பாருங்கள்

மாப்பிள்ளை தங்கமானவர், கூட வந்த கூட்டம்தான் சண்டை இழுத்தது என்போமே, அந்தக் கதைதான் இங்கேயும். வாரம் ஒன்று என்று எழுதித் தருகிற 60,000 யூனிட் வைட்டமின் டி3 மாத்திரையில் வைட்டமின் எவ்வளவு தெரியுமா? வெறும் 1.5 மில்லிகிராம். மற்றதெல்லாம் எண்ணெய், உறை, நிரப்பி, நிறம். ஒவ்வாமை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மினுமினுப்பான மென் குளிகையின் (சாஃப்ட் ஜெல் கேப்ஸ்யூல்) உறை பெரும்பாலும் ஜெலட்டின். மாடு, பன்றி, சில சமயம் மீனிலிருந்து வருவது. உள்ளே இருக்கும் எண்ணெய் சோயாவாக இருக்கலாம், கடலை எண்ணெயாகவும் இருக்கலாம். கடலை எண்ணெய்க்கு மருந்து உலகில் "அராக்கிஸ் ஆயில்" என்று வேறு பெயர். நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "லெசித்தின்" அல்லது "322" என்ற எண் இருந்தால் பெரும்பாலும் சோயா, சில நேரம் முட்டை. இயற்கை வைட்டமின் ஈ சோயா எண்ணெயிலிருந்தோ கோதுமை முளை எண்ணெயிலிருந்தோ வரலாம். கேசினேட், வே (whey) என்று கண்டால் பால். ஸ்டார்ச் என்று மட்டும் போட்டிருந்தால் மக்காச்சோளமா கோதுமையா என்று கேட்டே ஆக வேண்டும். வயிற்றுக்கு நல்லது என்று விற்கும் புரோபயாட்டிக் பொடிகளின் நுண்ணுயிர்களைப் பாலில் வளர்ப்பதும் உண்டு.

மீன் ஆகாதவர்கள் ஒமேகா-3 வேண்டுமென்றால் பாசியிலிருந்து எடுத்த எண்ணெயைத் தேடலாம். குளுக்கோசமைனிலும் மக்காச்சோளத்தை நொதிக்க வைத்துச் செய்வது கிடைக்கிறது. நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: றால் ஒவ்வாமையைத் தூண்டும் முக்கியமான புரதம் சதையில்தான் இருக்கிறது, ஓட்டில் அல்ல. அதனால் ஓட்டுக் குளுக்கோசமைன் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அந்தப் பலரில் நீங்கள் ஒருவரா என்பதை டாக்டர் சொல்லட்டும், மருந்துக்கடை வேண்டாம்.

லேபிள் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

நான் ரொம்ப நாள் குழம்பிய இடம் இது. ஒரே அலமாரியில் இரண்டு சாதி டப்பா இருக்கும். ஒன்றில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க உரிம எண் இருக்கும். அது சட்டப்படி உணவு. அதில் சேர்மானம் முழுக்க இருக்க வேண்டும். பசையம் (குளூட்டன்) உள்ள கோதுமை போன்ற தானியம், றால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை, அண்டிப்பருப்பு (முந்திரி), பாதாம் போன்ற கொட்டைகள், சோயா இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைட்டும் ஒரு அளவுக்கு மேல் போனால் அப்படியே. கவனியுங்கள், சிப்பியும் எள்ளும் இந்தப் பட்டியலில் இல்லை. அவை ஆகாதவர்கள் சேர்மானத்தை வரி வரியாகப் படிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று மருந்து உரிமத்தில் வருவது. அதில் பெரும்பாலும் வைட்டமின் பெயரும் அளவும்தான் இருக்கும். நிரப்பி என்ன, உறை என்ன என்ற விவரம் பல நேரம் அட்டையில் கிடைக்காது. அட்டையில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ இப்படிக் கேளுங்கள்: "எனக்கு இன்ன ஒவ்வாமை இருக்கிறது. இந்தத் தயாரிப்பின் நிரப்பி, எண்ணெய், உறை எதிலிருந்து வருகிறது? அதே இயந்திரத்தில் இந்தப் பொருள் கலந்த வேறு மாத்திரையும் செய்கிறீர்களா?" எழுத்தில் பதில் தராத கம்பெனி மாத்திரையை நான் வாங்குவதில்லை.

பச்சைப் புள்ளியை நம்பி ஏமாறாதீர்கள். அது சைவம் என்று மட்டும்தான் சொல்கிறது. பால், சோயா, கடலை எல்லாமே சைவம்தானே.

கடையில் பத்து மாத்திரை அட்டையை வெட்டி நாலு தந்தால் வாங்காதீர்கள். பாதி விவரம் மிச்ச அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும்.

வைத்தியசாலை மருந்துக்கும் இதே விதி

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சித்த வைத்தியர் இல்லாத ஊர் குறைவு. "நாட்டு மருந்துதானே" என்று யோசிக்காமல் சாப்பிடுகிறோம். முத்துச்சிப்பி பற்பம் (சுட்டுப் பொடித்த மருந்து), முட்டை ஓட்டு பற்பம் என்று பெயரிலேயே விஷயம் இருக்கிறது. லேகியத்தில் நெய்யும் நல்லெண்ணெயும் சேர்வது சகஜம். வைத்தியரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்கப் போகிறவர்கள், ஆஸ்துமாவோ மகரந்த ஒவ்வாமையோ இருந்தால், அரசத்தேன் (ராயல் ஜெல்லி), மகரந்தப் பொடி பக்கம் போக வேண்டாம். கடுமையான ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை அவை.

கடைசியாக: முதல் மாத்திரை

ஒரு நேரத்தில் ஒரே ஒரு புது மாத்திரை. அது ஒத்துப்போகிறதா என்று ஒன்றிரண்டு வாரம் பார்த்த பிறகே அடுத்தது. பல சத்து கலந்ததைவிட ஒற்றைச் சத்து நல்லது; ஏதாவது ஆனால் ஆளைப் பிடிப்பது சுலபம். பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது போடுங்கள். பஸ் பிடிக்க ஓடும் அவசரத்தில் வேண்டாம். அடுத்த முறை அதே பெயரில் வாங்கினாலும் லேபிளை மறுபடி படியுங்கள், சேர்மானத்தைச் சொல்லாமல் மாற்றுவார்கள்.

ஏற்கெனவே மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை வந்தவர்கள் வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. மாத்திரை போட்டபின் தொண்டை அடைத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி விழப் பார்த்தாலோ அரிப்பு மாத்திரை கேட்கிறதா என்று காத்திருக்காதீர்கள். அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி. 108-ஐ அழைத்து, பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.