சரித்திர நாவலா, வேண்டாம் என்பவர்கள் செய்யும் தவறுகள்

சரித்திர நாவல் என்றதுமே வாள், குதிரை, சுரங்கப்பாதை எல்லாம் கண்முன் வந்து, 'நமக்கு ஒத்துவராது' என்று ஒதுங்குபவர்கள் நிறைய. நானும் பல வருஷம் அந்தக் கட்சிதான். பள்ளியில் போர் நடந்த ஆண்டுகளை மனப்பாடம் செய்த அலுப்பு அவ்வளவு லேசில் போவதில்லை.

முதல் தவறு அங்கேயே இருக்கிறது: நாவலைப் பாடப்புத்தகத்தின் நீட்சியாக நினைப்பது. உடையார்குடிக் கோயில் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகிய சகோதரர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. அவர்கள் நிலம் பறிபோன செய்தியும் இருக்கிறது. ஏன் கொன்றார்கள்? கல்வெட்டு வாய் திறக்கவில்லை. வரலாற்று ஆசிரியர் அங்கே நின்றுவிட வேண்டும். நின்றால்தான் அவர் நேர்மையானவர். கல்கி நிற்கவில்லை. 'பொன்னியின் செல்வன்' அந்த மௌனத்துக்குள் புகுந்து எழுதிய கதை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. படித்ததையெல்லாம் அப்படியே நடந்ததாக நம்பிவிடுவது. அந்த நாவலின் நாயகன் வந்தியத்தேவன் பெயர் சோழ இளவரசி குந்தவையின் கணவராகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் வருகிறது. நாவலில் அவன் செய்யும் சாகசங்கள் வருவதில்லை. அதில் வரும் நந்தினி முழுக்கக் கற்பனை. ஆனாலும் அவள் யார் பெற்ற பெண் என்று சொந்தக்காரர் வீட்டு விவகாரம்போல இன்றும் சண்டை நடக்கிறது. (எழுத்தாளர் கேட்டால் மகிழ்ந்திருப்பார்.)

'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்து, மூன்றாம் பாகத்தில் சோர்ந்து, மொத்த வகையையும் குறை சொல்பவர்கள் இன்னொரு ரகம். அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. வாசகரை அடுத்த வாரம்வரை காத்திருக்க வைக்கப் போட்ட முடிச்சுகளை வரிசையாக இருபது அவிழ்த்தால் யாருக்கும் கை வலிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று அத்தியாயம் போதும்.

ராஜா கதை பிடிக்காது என்பது நியாயம்தான். ஆனால் சரித்திர நாவல் என்றாலே ராஜா கதை என்று யார் சொன்னது? புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அதை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய 'வானம் வசப்படும்' 1995இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' மதுரை வட்டாரக் காவல்காரர்களின் கதை. 2011இல் அதே விருது. அரண்மனை அலுத்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றில் தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. கதை நடக்கும் காலத்தை மட்டும் பார்த்துவிட்டு, எழுதப்பட்ட காலத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கல்கியின் 'பார்த்திபன் கனவு' பல்லவருக்கு அடங்கிய சோழ நாட்டின் விடுதலைக் கனவைச் சொல்கிறது. 1941இல் அது தொடராக வரத் தொடங்கியபோது, வாசித்தவர்களின் நாட்டை வெள்ளைக்காரர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள்.